ஜியோகான் 4420 கிராக்மீட்டர்: கருவி அருமை, கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

பழைய கட்டடத்தில் விரிசலைக் கண்காணிக்க வைப்ரேட்டிங் வயர் கிராக்மீட்டர் (உள்ளே அதிரும் கம்பியை வைத்து விரிசலின் நகர்வை அளக்கும் கருவி) வாங்கலாமா, அதுவும் ஜியோகான் மாதிரி அமெரிக்கக் கம்பெனிப் பொருளை இறக்குமதி செய்யும் அளவுக்கு அவசியமா என்று சைட் இன்ஜினியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். 25 மி.மீ. வீச்சுள்ள, அதாவது 25 மி.மீ. நகர்வு வரை அளக்கும், 4420 மாடலைச் சென்னையில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர்களில், பக்கத்து மனையில் ஆழமாக பேஸ்மென்ட் தோண்டும் சமயங்களில், வெயிலிலும் மழையிலும் மாட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன். கருவியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. என் கவலையெல்லாம் கருவியிலிருந்து வரும் எண் மில்லிமீட்டராக மாறும் இடத்தில்தான். அந்தக் கணக்கைப் போடத் தெரியாமல், அல்லது போட வாய்ப்பே தராத ஒரு சர்வீஸை நம்பி, இந்தக் கருவியை வாங்கினால் காசு தண்டம். அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு மயிரிழை விரிசல் ஓடுகிறது, அது பெரிதாகிறதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் இது வேண்டாம். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதி வைக்கும் பழைய வழியே போதும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். எவ்வளவு நகர்ந்தது என்று அது சொல்லாது, சில இடங்களில் ஒட்டு விட்டுப்போய்க் கண்ணாடி மட்டும் முழுசாக நிற்கும், ஆனாலும் சாதாரண சந்தேகத்துக்கு அது ஒரு பதில். அடுத்த படி அவான்கார்டு மாதிரி பிளாஸ்டிக் டெல்டேல் (விரிசல்மேல் ஒட்டும் அளவுத் தகடு): ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு தகடுகள், ஒன்றில் மி.மீ. கட்டங்கள், மற்றொன்றில் சிலுவைக் கோடு. ஒரு மி.மீ.யைத் தெளிவாகவும் அரை மி.மீ.யை உத்தேசமாகவும் கண்ணாலேயே படித்துவிடலாம். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனமான பிஆர்இ வெளியிட்ட டைஜஸ்ட் 251, வீடுகளின் சேதத்தை வகைப்படுத்தும்போது 1 மி.மீ. வரையிலான விரிசலை மெல்லியது என்றும், 5 மி.மீ. வரை இருப்பதை எளிதில் அடைத்துவிடக்கூடியது என்றும்தான் வைக்கிறது. அந்த அளவில் முடிவெடுக்க டெல்டேல் தாராளம்.

கிராக்மீட்டர் வேண்டியிருப்பது வேறு மாதிரி வேலைக்கு. 0.1 மி.மீ. நகர்வு ஒரு வாரத்தில் வந்ததா ஒரு மாதத்தில் வந்ததா என்று தெரிய வேண்டும், விரிசல் ஏணி வைத்தும் எட்டாத உயரத்தில் இருக்கிறது, ராத்திரியிலும் படிக்க வேண்டும், பக்கத்தில் தோண்டுகிறவரிடம் போய் வேலையை நிறுத்தச் சொல்லக் கையில் ஆதாரம் வேண்டும். இந்த நிலைமையில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கருவிக்குள் இருப்பது ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, அதோடு ஒரு ஸ்பிரிங். விரிசல் அகலும்போது அச்சு வெளியே இழுபடும், ஸ்பிரிங் நீளும், கம்பியின் இழுவிசை கூடும். வீணையில் பிரடையை முறுக்கினால் சுருதி ஏறுவது போலக் கம்பியின் அதிர்வெண் ஏறும். பக்கத்தில் இருக்கும் மின்காந்தச் சுருள் கம்பியைச் சுண்டிவிட்டு, அது எத்தனை ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்று கேட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான். இதில் பெரிய சௌகரியம், கேபிளில் வருவது அதிர்வெண் என்பது. வோல்டேஜாக வந்தால் கேபிளின் நீளமும் ஜாயின்ட்டில் ஏறும் ஈரமும் அளவைக் கெடுக்கும். அதிர்வெண்ணை அது அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது. நூறு மீட்டர் கேபிள் இழுத்து, ஐப்பசி மழையில் ஊறவிட்டும் எண் அசையாமல் வந்ததைப் பார்த்தபிறகு எனக்கு இந்த வகைக் கருவிமேல் வந்த நம்பிக்கை இன்றுவரை போகவில்லை.

இனி அந்த எண். அதிர்வெண்ணும் நகர்வும் நேர்விகிதத்தில் இல்லை. இழுவிசையோடு நேர்விகிதத்தில் இருப்பது அதிர்வெண்ணின் வர்க்கம். அதனால் ரீடிங்கைப் படித்துக் காட்டும் ரீடவுட் பாக்ஸில், ஜிகே-404 ஆனாலும் ஜிகே-405 ஆனாலும், 'பி' நிலையில் வைத்தால் வருவது ஹெர்ட்ஸின் வர்க்கத்தை ஆயிரத்தால் வகுத்த எண். அதைத்தான் இந்தத் தொழிலில் டிஜிட் என்கிறோம். 2500 ஹெர்ட்ஸ் என்றால் 6250 டிஜிட். கருவியோடு வரும் கேலிப்ரேஷன் ஷீட்டில் (கம்பெனி அந்தக் கருவியைச் சோதித்து எழுதித் தரும் தாளில்) கேஜ் ஃபாக்டர் என்று ஒன்று இருக்கும், ஒரு டிஜிட்டுக்கு எத்தனை மி.மீ. என்று. இப்போதைய டிஜிட்டிலிருந்து தொடக்க டிஜிட்டைக் கழித்து அதால் பெருக்கினால் நகர்வு. கணக்குக்கு வசதியாக கேஜ் ஃபாக்டர் 0.005 என்று வைத்துக்கொள்வோம். மாட்டிய அன்று 4500, இன்று 4562. வித்தியாசம் 62, நகர்வு 0.31 மி.மீ. விரிசல் அகன்றிருக்கிறது.

பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் களத்தில் இது தப்பாகப் போகும் இடங்கள் நிறைய. தானாகவே அளந்து பதிவு செய்யும் டேட்டா லாகர்கள் பலவும் ஹெர்ட்ஸாகவே எழுதிவைக்கும், கையில் கொண்டுபோகும் ரீடவுட் டிஜிட்டாகக் காட்டும், ஷீட்டோ டிஜிட்டில் இருக்கும். மேலே சொன்ன 4500, 4562 இரண்டும் ஹெர்ட்ஸில் 2121.3, 2135.9. வெறும் 14.6 தான் வித்தியாசம். இதை அப்படியே 0.005 ஆல் பெருக்கினால் 0.07 மி.மீ. வரும், நான்கில் ஒரு பங்குகூட இல்லை, பார்ப்பவர் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுவார். சரி, ஹெர்ட்ஸுக்கென்று ஒரு ஃபாக்டர் போட்டுக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. 1500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு ஹெர்ட்ஸ் மாறினால் 3 டிஜிட், 2700 பக்கத்தில் மாறினால் 5.4 டிஜிட். வர்க்கப்படுத்தியே ஆக வேண்டும். இன்னொரு குழப்பம் அந்த ஆயிரம்: சில லாகர் புரோகிராம்களில் வகுத்து வரும், சிலவற்றில் வகுக்காமல் வரும். லக்னோவின் என்கார்டியோ-ரைட் உட்பட வேறு கம்பெனிகளும் இதே தத்துவத்தில் கருவி செய்கின்றன, ஒரே சைட்டில் இரண்டு கம்பெனிக் கருவிகள் இருப்பதும் சகஜம். ஒவ்வொரு ஷீட்டிலும் அலகு என்ன, நீளும்போது எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மாட்டுவதற்கு முன்பே கையால் அச்சை மெல்ல இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஷீட்டில் கேஜ் ஃபாக்டரோடு, நேர்கோடாக இல்லாமல் வளைகோடாகக் கணக்கிடும் ஒரு பல்லுறுப்புக் கோவைக்கான மூன்று எண்களும் இருக்கும். அதில்தான் துல்லியம், அதைத்தான் போட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கம்பெனி சொல்லும் கணக்கில் நேர்கோட்டு முறைக்கு முழு வீச்சில் 0.5 சதவீதத்துக்குள் பிழை, பல்லுறுப்பு முறைக்கு 0.1 சதவீதம். 25 மி.மீ. கருவியில் அது 0.125-க்கும் 0.025-க்கும் உள்ள வித்தியாசம், கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு வீச்சுக்கான பேச்சு. வீச்சின் நடுவில் மாட்டி, அரை மி.மீ.க்குள் ஆடும் ஒரு விரிசலுக்கு இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். என் அபிப்பிராயம், சாதாரணச் சுவர் விரிசலுக்கு நேர்கோட்டு முறையே போதும். எக்ஸ்பேன்ஷன் ஜாயின்ட் மாதிரி பல மி.மீ. நகரும் இடத்துக்குப் பல்லுறுப்பு போடுங்கள். போட்டால் கடைசி எண்ணை ஷீட்டிலிருந்து எடுக்காமல், சைட்டில் எடுத்த முதல் ரீடிங்குக்கு விடை பூஜ்யம் வருகிற மாதிரி நீங்களே கண்டுபிடித்துப் போட வேண்டும். எதைத் தேர்ந்தாலும் பாதியில் மாற்றாதீர்கள். ஆறு மாதம் ஒரு முறை, அப்புறம் வேறொரு முறை என்றால் மாற்றிய தேதியில் வரைபடத்தில் ஒரு படி ஏறும், அது சுவரில் ஏறிய படி இல்லை.

இப்போது முக்கியமான விஷயம், வெப்பம்.

கம்பியும் எஃகு, உடலும் எஃகு. வெயில் ஏறினால் கம்பி நீளும், இழுவிசை குறையும், டிஜிட் இறங்கும். விரிசல் அசையவே இல்லை என்றாலும் எண் குறையும். இதைச் சரிசெய்யத்தான் உள்ளே ஒரு தெர்மிஸ்டர், அதாவது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு, வைத்திருக்கிறார்கள், 25 டிகிரியில் 3000 ஓம் காட்டுவது. பச்சை, வெள்ளை ஒயர்களில் அது வரும்; கம்பியின் அதிர்வெண் சிவப்பு, கறுப்பில். ஓமை டிகிரியாக்க ஒரு சூத்திரம்: மின்தடையின் இயல் மடக்கையை எடுங்கள், அதை 0.0002369 ஆல் பெருக்குங்கள், அதே மடக்கையின் கனத்தை 0.0000001019 ஆல் பெருக்குங்கள், இரண்டையும் 0.0014051-உடன் கூட்டி, ஒன்றை அதால் வகுத்து, 273.2 கழியுங்கள். 3000 ஓம் போட்டுப் பார்த்தால் 25 டிகிரிக்கு ஒட்டி வரும். எக்செல்லில் இதற்கு எல்என் ஃபங்ஷன்தான் வேண்டும். லாக் என்று போட்டால் பத்தின் அடிமான மடக்கை வந்து, அதே 3000 ஓமுக்கு 174 டிகிரிக்கு மேல் காட்டும். இப்படி ஒரு ஷீட் ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து எனக்கு வந்தது. வெப்ப எண் அசிங்கமாக இருந்ததால் அந்த நெடுவரிசையையே மறைத்துவிட்டு, திருத்தம் இல்லாமல் நகர்வை மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

திருத்தத்துக்கான கெழு நிலையான எண் இல்லை. மேனுவலில் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பெருக்கு எண்ணும் ஒரு கூட்டு எண்ணும் அட்டவணையில் இருக்கும். இப்போதைய டிஜிட்டை முதல் எண்ணால் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, மொத்தத்தையும் கேஜ் ஃபாக்டரால் பெருக்கினால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று வரும். அதைத் தொடக்க வெப்பநிலைக்கும் இப்போதைய வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, நகர்வோடு கூட்ட வேண்டும். குறியோடு கூட்ட வேண்டும். குளிர்ந்திருந்தால் அது கழித்தலாகிவிடும்.

எவ்வளவுக்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். கெழு டிகிரிக்கு 0.011 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சித்திரை மாத மத்தியானம் 38 டிகிரியில் தொடக்க ரீடிங் எடுக்கிறீர்கள். மார்கழி விடியற்காலை 23 டிகிரியில் படிக்கிறீர்கள். 15 டிகிரி, 0.165 மி.மீ. விரிசல் இம்மியும் அசையாமலேயே கருவி 0.165 மி.மீ. அகன்றதாகக் காட்டும். குறியை மாற்றிப் போட்டுத் திருத்தினால் கழிய வேண்டியது கூடி 0.33 ஆகும். இங்கே இன்னொரு வில்லங்கம் சேர்கிறது: கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456:2000-இல் கான்கிரீட் விரிசல் அகலத்துக்குப் பொதுவாக 0.3 மி.மீ. என்று ஒரு வரம்பு சொல்லியிருப்பதால், அந்த எண்ணை அப்படியே எடுத்து நகர்வுக்கும் எச்சரிக்கை வரம்பாக வைத்துவிடுகிறார்கள். அது டிசைன் செய்யும்போது பார்க்கும் விரிசல் அகலம். பழைய செங்கல் சுவரின் நகர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வைத்துவிடுகிறார்கள், அப்புறம் மார்கழி மாசத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எல்லோர் போனிலும் சிவப்பு எச்சரிக்கை.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் இதுதான் நடந்தது. கண்காணிப்பை வெளியே ஒரு நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். கருவி இதே மாடல், மாட்டியவிதமும் சுத்தம். அவர்கள் கொடுத்த டேஷ்போர்டு பார்க்க அழகு: பச்சை, மஞ்சள், சிவப்பு, போனில் திறக்கலாம், பிடிஎஃப் எடுக்கலாம். ஆனால் அதில் இருந்தது மி.மீ. மட்டும். டிஜிட் இல்லை, தெர்மிஸ்டர் ஓம் இல்லை, வெப்பநிலைகூட இல்லை. விடிகாலைதோறும் விரிசல் அகன்று மத்தியானம் சுருங்குவதாக வரைபடம் காட்டியது. கட்டடத்தில் குடியிருந்தவர்கள் பயந்துபோனார்கள், தோண்டுகிறவர்கள் தங்கள் வேலையால் இல்லை என்றார்கள், யார் சொல்வது சரி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கச்சா அளவுகளைக் கேட்டால், 'சார், அது சிஸ்டம் இன்டர்னல்' என்று பதில். பலமுறை எழுதிக் கேட்டபிறகு கோப்பு வந்தது. வெப்பத் திருத்தமே போடவில்லை. போட்டுப் பார்த்ததும் அந்த அலையில் பெரும்பகுதி அடங்கிவிட்டது. அடங்கிய பிறகுதான் அதற்கடியில் ஒளிந்திருந்த மெதுவான, ஒரே திசையிலான உண்மையான நகர்வு வெளியே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். தினமும் பொய்யாக அலறிய எச்சரிக்கையைப் பார்த்துப் பழகி, உண்மையான நகர்வை யாரும் கவனிக்கவே இல்லை. மக்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இப்படிச் செய்வது பொறுப்பில்லாத வேலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திருத்தம் போட்டபிறகும் வரைபடம் நேர்கோடாக வராததைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. மேலே சொன்ன திருத்தம் கருவிக்கு மட்டும். சுவரும் வெயிலில் விரிகிறதே. செங்கல் கட்டுமானம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஆறு பங்கு விரிகிறது என்று வைத்தால், 3 மீட்டர் நீளச் சுவர் 10 டிகிரிக்கு 0.18 மி.மீ. நீளும். எந்தப் பக்கமும் போக வழியில்லாத சுவர் அந்த நீட்சியை விரிசலில்தான் தீர்த்துக்கொள்ளும். பகலில் விரிசல் மூடும், இரவில் திறக்கும், அது நிஜமான அசைவு. ஃப்ளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்தின் விரிசல்களை 1955 முதல் இயந்திரக் கருவிகளாலும், 1980-களின் இறுதியிலிருந்து மின்னணுக் கருவிகளாலும் அளந்துவருகிறார்கள்; அவை பருவத்துக்குப் பருவம் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கின்றன, அந்த ஆட்டத்துக்கு நடுவே மெல்ல அகலும் போக்கைப் பிரித்தெடுப்பதுதான் அங்கே வேலையே. நம் கட்டடத்துக்கும் அதுதான் வழி. தினமும் ஒரே நேரத்து ரீடிங்கை, முடிந்தால் காலையில் சுவரில் வெயில் விழுவதற்கு முன் எடுத்ததை, மட்டும் ஒப்பிடுங்கள். சென்னையில் களிமண் பகுதிகளில் மண்ணே கோடையில் சுருங்கி மழையில் உப்பும் என்பதால் ஒரு வருடச் சுற்று முடியாமல் 'நின்றுவிட்டது' என்றோ 'வளர்கிறது' என்றோ உறுதியாகச் சொல்வது கஷ்டம். தோண்டும் வேலை பக்கத்தில் நடக்கும்போது ஒரு வருடம் காத்திருக்க முடியாதுதான்; அதனால்தான் தோண்டத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே மாட்டச் சொல்லிக் கெஞ்சுகிறோம்.

மாட்டுவது பற்றி. பழைய கட்டடத்தில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தகடு ஒட்டி மாட்டினால் அளப்பது பூச்சின் அசைவை. பூச்சைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெறுமையாக இருப்பது போன்ற சத்தம் வந்தால் செங்கல்லிலிருந்து அது எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டு முனையிலும் உள்ளங்கை அளவுக்குப் பூச்சை வெட்டி எடுத்து, சாந்து இணைப்பில் துளை போடாமல் முழுச் செங்கல்லின் நடுவில் போட்டு, ஆங்கரை எபாக்ஸியில் பதியுங்கள். சுத்தியல் டிரில் வைத்தால் பழைய செங்கல் பிளக்கும். ஹேமர் மோடை அணைத்துவிட்டு மெதுவாகப் போடச் சொல்லுங்கள். எபாக்ஸி நன்றாக இறுகிய பிறகுதான் தொடக்க ரீடிங், அதுவும் ஒன்றை நம்பாமல் சில விடியற்காலைகளில் எடுத்து, எண் நிலைத்ததும் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு மி.மீ.யும் அந்த ரீடிங்கிலிருந்து கழித்து வருவது, அதனால் அதில் அவசரம் வேண்டாம்.

அச்சைப் பிடித்துத் திருகவே கூடாது. அச்சில் ஒரு சின்ன ஊசி, உடலில் அதற்கேற்ற பள்ளம். இரண்டும் நேராக இருக்க வேண்டும். முனையில் நட்டை இறுக்கும்போது உடலைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் உள்ளே கம்பி முறுக்கிப் போய்விடும். கொத்தனாரோ ஃபிட்டரோ இறுக்குவதாக இருந்தால் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். விரிசல் மூடவும் செய்யலாம் என்பதால் வீச்சின் நடுப்பகுதியில் நிறுத்துங்கள். வெயில் நேராக விழும் சுவரானால் ஒரு தகட்டு மூடி போடுங்கள், உள்ளே காற்று போக இடம் விட்டு. தெர்மிஸ்டர் உடலுக்குள் ஓர் இடத்தில்தான் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அது காட்டும் டிகிரியும் கம்பியின் டிகிரியும் ஒன்றாக இருக்காது.

ரீடிங் தாவினால் உடனே சுவரைச் சந்தேகிக்காதீர்கள். சுருள் கம்பியைச் சுண்டும்போது எந்த அதிர்வெண் வரம்புக்குள் தேட வேண்டும் என்று ரீடவுட்டுக்குச் சொல்கிறோம். கிராக்மீட்டருக்கு ஏறக்குறைய 1400 முதல் 3500 ஹெர்ட்ஸ். வரம்பைத் தப்பாக வைத்தால் இரைச்சலையோ வேறொரு சுரத்தையோ பிடித்துக்கொண்டு உறுதியான எண் மாதிரியே காட்டும். பக்கத்தில் ஜெனரேட்டர், லிஃப்ட் மோட்டார் ஓடினாலும் இப்படி வரும். கேம்ப்பெல் சயின்டிஃபிக் லாகர்களில் இருக்கும் விஸ்பெக்ட் முறை அலைமாலையைப் பிரித்துப் பார்த்து இரைச்சலை ஒதுக்குகிறது, நகரத்து சைட்டுக்கு அது நல்ல முதலீடு. கேபிளின் ஷீல்டு ஒயரை எர்த் செய்வதை எலெக்ட்ரீஷியன் மறந்துவிடுவார், நினைவுபடுத்துங்கள்.

விலையைப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் (அச்சு நகர நகர வோல்டேஜ் மாறும் உறுப்பு) ஈஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டும் வாங்கி நாமே செய்துவிடலாமே என்று கேட்கும் இளைஞர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. நீளப் பொட்டென்ஷியோமீட்டரை 10 பிட் உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டில் இணைத்தால் ஒரு படி 0.049 மி.மீ.; 0.1 மி.மீ. போக்கை அதில் நம்பிப் பார்க்க முடியாது. ஈஎஸ்பி32-இன் 12 பிட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) காகிதத்தில் 0.012, ஆனால் அதன் இரண்டு ஓரத்திலும் நேர்கோடு வளைவது தெரிந்த விஷயம். தனியாக ஏடிஎஸ்1115 சிப் வைத்தால் 4.096 வோல்ட் வீச்சில் ஒரு படி 125 மைக்ரோவோல்ட், 3.3 வோல்ட் கொடுத்த அதே பொட்டென்ஷியோமீட்டரில் 0.002 மி.மீ.க்குப் பக்கத்தில். அருமைதான், ஒரு நிபந்தனையோடு. அந்தச் சிப் தன் உள்ளேயே இருக்கும் ரெஃபரன்ஸை வைத்து அளக்கிறது, உங்கள் 3.3 வோல்ட் வெயிலில் 3.28 ஆனால் நடுவில் நிற்கும் அச்சு 0.15 மி.மீ. நகர்ந்ததாகக் காட்டும். அதனால் கொடுக்கும் வோல்டேஜையும் இன்னொரு சேனலில் அளந்து, விகிதத்தை எடுத்து, அதை 50 ஆல் பெருக்குங்கள். உள்ளறையில் சில மாதம் படித்துப் பார்க்க இது நன்றாகவே உழைக்கும். வெளிச்சுவரில் வருடக்கணக்கில் வைக்கவோ, வழக்கு வந்தால் காட்டவோ நான் இதை நம்பமாட்டேன். மின்காந்தச் சுருளால் நகர்வை அளக்கும் எல்விடிடியும், அளவை 4-20 மில்லி ஆம்பியர் கரண்டாகத் தரும் கருவிகளும் நடுத்தரம். 4-20 கருவியில் வரும் கரண்டிலிருந்து 4-ஐக் கழித்து 16 ஆல் வகுத்து வீச்சால் பெருக்கினால் மி.மீ. வந்துவிடும், ஆனால் எப்போதும் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பேட்டரியில் ஓடும் சைட்டுக்கு அது தோதுப்படாது.

4420-க்கும் வரம்புகள் உண்டு. தன் அச்சின் திசையில் உள்ள நகர்வை மட்டும்தான் சொல்லும். மேலிருந்து கீழாக ஓடும் விரிசலில் ஒரு பக்கம் கீழே இறங்கினால், விரிசலுக்குக் குறுக்கே மாட்டிய ஒற்றைக் கருவிக்கு அது கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. அஸ்திவாரம் இறங்குகிறதா என்பதே சந்தேகம் என்றால் விரிசலுக்கு இணையாகவும் ஒன்று வேண்டும், அல்லது பக்கத்தில் மூன்று ஊசிகளை முக்கோணமாகப் பதித்து டிஜிட்டல் காலிப்பரில் அவ்வப்போது அளந்து வாருங்கள், செலவே இல்லை. லாரி போகும்போது வரும் அதிர்வையும் இது சொல்லாது. கம்பியைச் சுண்டிக் கேட்டு எண்ணச் சற்று நேரம் பிடிக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டரில், அல்லது கண்காணிப்பு டெண்டரில், மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: ஒவ்வொரு கருவியின் சீரியல் நம்பரோடு கேலிப்ரேஷன் ஷீட் வேலை தொடங்கும் முன் நம் கைக்கு வர வேண்டும், ஒவ்வொரு ரீடிங்கிலும் நேரம், டிஜிட், தெர்மிஸ்டர் ஓம் மூன்றும் கச்சாவாக நமக்குத் தர வேண்டும், மி.மீ. வந்த சூத்திரத்தை எழுத்தில் தர வேண்டும். தர மறுப்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் எடுக்காதீர்கள். கச்சா எண் இருந்தால் தப்பான கணக்கை எத்தனை வருடம் கழித்தும் திருத்திவிடலாம், மி.மீ. மட்டும் இருந்தால் அது முடியாது. ஷீட் தொலைந்தால் கம்பெனிக்கு சீரியல் நம்பரோடு எழுதிக் கேட்டுப் பாருங்கள், ஆனால் அந்த நம்பர் கருவியின் உடலில் எழுதியிருக்கும், மூடி போட்டு மாட்டியபிறகு தெரியாது, அதனால் கேபிளின் மறுமுனையிலும் ஒரு டேக் கட்டி வையுங்கள்.

எந்த வீச்சு வாங்குவது என்றால், கான்கிரீட் பீம், ஸ்லாப் விரிசலுக்கு 12.5 மி.மீ., செங்கல் சுவருக்கு 25. பக்கத்தில் தோண்டல் நடந்தால் 25-க்குக் கீழே போகாதீர்கள். இறக்குமதி ஆகி வரச் சில வாரம் பிடிக்கும். களிமண் பகுதியில் இருப்பவர்கள் புரட்டாசிக்குள் மாட்டி முடிக்கிற மாதிரி முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அப்போதுதான் மண் காய்ந்திருக்கும்போது ஒரு தொடக்க ரீடிங்கும், மழை இறங்கியபிறகு சுவர் என்ன செய்கிறது என்பதும் ஒரே வருடத்தில் கிடைக்கும்.